ஐந்தரைக் கட்டை

லூர்துநாதனை வழியில் நிறுத்தி யாராவது, சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டால் போதும். எதற்குக் கேட்டான், யார் கேட்கச் சொல்லி அனுப்பினார்கள் என்று அன்றைக்கு முழுக்க அதே யோசனைதான். பிறவி அப்படி. ஆவூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். பிள்ளைகள் வரிசை கலையாமல் நின்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? மாட்டான். இவ்வளவு ஒழுங்காக நிற்கிறார்களே, எதை உடைத்துவிட்டு நிற்கிறார்கள் என்று ஜன்னல் கண்ணாடியைப் போய்ப் பார்த்துவிட்டு வருவான்.

அப்படிப்பட்ட ஆளுக்கு மறைத்து வைக்க ஒரு ரகசியமும் வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? அறுபத்து நாலாம் வருஷக் கடைசியில் வாலிபால் கம்பம் நடும்போது, கம்பம் சரிந்து அவன் இடது கை ஆள்காட்டி விரலை நசுக்கியது. கட்டுப் போட்டார்கள், அவிழ்த்தார்கள், புண்ணும் ஆறியது. விரல் மட்டும் நடு மூட்டில் வளைந்தது வளைந்தபடி நின்றுவிட்டது. நீட்ட வரவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் நன்றாகிவிட்டது என்று சொல்லிவிட்டான். விசில் ஊதவும் பிரம்பு பிடிக்கவும் அந்த விரல் தேவையில்லை. ஆனால் லூர்துநாதன் கிட்டார் வாசிப்பவன். கிட்டாருக்கு அந்த விரல் வேண்டும்.

அவனும் அவன் அக்கா அடைக்கலமேரியும், ஆர்மோனியம் அருள்சாமியும், தபலாவுக்கு ஒருவருமாகச் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தார்கள். திருவிழா, கல்யாணம், புதுமனை என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவார்கள். அக்காதான் பாடகி. புருஷன் போன பிறகு தையல் மெஷினை வைத்துப் பிழைக்கிறவள். பகலெல்லாம் மெஷின் மிதிப்பாள், சாயங்காலம் பாடுவாள். நாற்பது தாண்டியும் குரல் கணீரென்று இருந்தது. அந்தக் குரல் உட்காருகிற சுருதி ஐந்தரைக் கட்டை. அதில் வைத்தால்தான் அவள் மேலே போகிற இடத்தில் கூட்டம் பேச்சை நிறுத்தும்.

இங்கேதான் வந்தது வினை. ஐந்து கட்டைக்குக் கிட்டாரில் சும்மா வாசித்துவிடலாம்; விரல் நுனிகள் போதும். அரைக்கட்டை கூட்டி ஐந்தரை வைக்க வேண்டுமென்றால், கிட்டார் கழுத்தின் முதல் கட்டத்தில் ஆறு தந்திகளையும் குறுக்கே ஒரேயடியாக அமுக்கிப் பிடிக்க வேண்டும். அதற்குத்தான் அந்த ஆள்காட்டி விரல். வளைந்த விரல் எப்படிக் குறுக்கே படுக்கும்? தந்தியையே முறுக்கி ஏற்றலாம் என்றால் பழைய கல்கத்தா கிட்டார், கழுத்து ஏற்கெனவே லேசாக வளைந்திருந்தது. இன்னும் இழுத்தால் பிளந்துவிடும்.

உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் குழுவை விட்டுத் தள்ளிவிடுவார்கள் என்று பயம். அவனுக்கு அந்தக் கிட்டாரை விட்டால் வேறென்ன இருக்கிறது, விசிலா? ஆகவே ஒருநாள் ஒத்திகையில், முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு, அக்காவுக்குத் தொண்டை முன்னே மாதிரி இல்லை, வயதாகிறதல்லவா, இனிமேல் ஐந்து கட்டையே வைப்போம் என்று அருள்சாமியிடம் சொன்னான். அக்கா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, சரி தம்பி, அஞ்சே வை என்றாள்.

அரைக்கட்டை இறங்கியதும் அவள் பாட்டில் இருந்த அந்தத் தெறிப்பு போய்விட்டது. மேரியக்காவுக்குக் குரல் போயிருச்சு என்று பேச்சு கிளம்பியது. அந்த வருஷத் திருவிழாவுக்குப் பாட வெளியூரிலிருந்து ஆள் கூப்பிடலாமா என்றுகூட யாரோ கேட்டார்களாம். லூர்துநாதன் காதிலும் அது விழுந்தது. ஆனாலும் அடுத்த ஒத்திகையிலும் ஐந்து கட்டையே வைக்கச் சொன்னான்.

இந்த நேரம் பார்த்து முத்துராமன் வந்து சேர்ந்தான். திருமயத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன். குடும்பத்துக்குப் பினாங்கில் இருந்த கடையை ஏறக்கட்டிவிட்டுத் திரும்பியவன், கப்பலில் கூடவே ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரையும் அதன் சத்தத்தைப் பெரிதாக்குகிற பெட்டியையும் கொண்டுவந்திருந்தான். அவன் பங்காளிகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அருள்சாமி சிரிக்கவில்லை, குழுவில் சேர்த்துக்கொண்டார். லூர்துநாதன் கணக்குப் போட ஆரம்பித்தான். பெட்டியைத் தட்டிவிட்டால் ஊரே கேட்கிற கிட்டார் வந்த பிறகு, மரக் கிட்டார் எதற்கு, மாஸ்டர் எதற்கு? முத்துராமன் மாஸ்டர் மாஸ்டர் என்று குழைந்து பேசப் பேச, இவனுக்குச் சந்தேகம் ஊறிக்கொண்டே போனது. இவ்வளவு மரியாதை கொடுக்கிறவன் எதையாவது பிடுங்காமல் போகமாட்டான்.

லூர்துநாதனின் கிட்டார் எப்போதும் அக்கா வீட்டு ஆணியில்தான் தொங்கும். தன் வீட்டில் வைத்தால் பிள்ளைகள் தந்தியை அறுத்துவிடும். ஒருநாள் ஒத்திகைக்குப் போய் எடுத்தவன், கழுத்தின் பின்பக்கம் நீல நிறத்தில் ஒரு கோடு பார்த்தான். தையல்காரர்கள் துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டிக் கோடு. முதல் கட்டத்துக்கு நேராக இருந்தது. தந்திகளுக்கு நடுவே இரண்டு முடிச்சுப் போட்ட ஒரு வெள்ளை நூல் வேறு சிக்கியிருந்தது. எவனோ அளவெடுத்திருக்கிறான். செத்தவனுக்குப் பெட்டி செய்ய அளவெடுப்பார்களே, அந்த ஞாபகம்தான் வந்தது அவனுக்கு.

யார் தொட்டது என்று அக்காவிடம் கேட்டான். தூசி தட்டினேன் என்று சொல்லிவிட்டு அவள் மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். தூசி தட்டினால் முடிச்சு விழுமா? அந்த வீட்டில் சாக்குக்கட்டி மூலைக்கு மூலை கிடக்கும், எடுத்தவன் எவன் என்பதுதான் கேள்வி. முத்துராமன் முந்தின நாள் சட்டைக்கு அளவு கொடுக்கிற சாக்கில் வந்து போனதாகப் பக்கத்து வீட்டுக் காத்தாயி சொன்னாள். போதாதா இவனுக்கு? கிட்டாரை அளந்து, பெரியதாக ஒன்று வாங்கி, வேறு ஆளையும் ஏற்பாடு செய்யப்போகிறான் என்று முடிவே கட்டிவிட்டான். தன் கண்ணெதிரில் நீலக் கட்டியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறவளைச் சந்தேகப்பட மட்டும் அந்த மகாபுத்திசாலிக்குத் தோன்றவில்லை.

மூன்று நான்கு மாதம் போயிற்று. முத்துராமனின் தாய்மாமன் தேனப்பன் தன் மகள் சாலாவின் கல்யாணத்துக்குக் குழுவைப் பேசினார். சாயங்கால வரவேற்பில் பாட்டு. பினாங்கிலிருந்து கல்யாணத்துக்கு வந்த உறவுக்காரர் கையில் முத்துராமனுக்கு ஒரு பொட்டலம் வந்தது. அதை அவன் ஒத்திகையில் எல்லார் முன்னாலும் பிரித்தான். உள்ளே இரண்டு சாமான்கள். ஒன்று பளபளவென்று வெள்ளி மாதிரி மின்னுகிற இரும்புப் பட்டை, அடியில் தக்கை ஒட்டி, பின்னால் முறுக்குத் திருகு வைத்தது. இன்னொன்று கறுப்பு ரப்பர் சுற்றிய சின்னத் துண்டு, இழுத்து மாட்டுவதற்கு ஓட்டை ஓட்டையாக ஒரு நாடா. பார்க்கச் சகிக்காது.

இதற்குக் கேப்போ என்று பெயர், கிட்டார் கழுத்தில் மாட்டிவிட்டால் ஆள்காட்டி விரல் செய்கிற வேலையை இது செய்யும் என்றான் முத்துராமன். முதல் கட்டத்தில் மாட்டினால் அரைக்கட்டை கூடிவிடும், விரலைக் குறுக்கே போடாமலே ஐந்தரையில் வாசிக்கலாம் என்றான். இத்தனை மாதமாக லூர்துநாதன் கேட்காமல் கேட்ட வரம் அது. அதுவே அவனைப் பயப்படுத்தியது. இவன் ஏன் விரலைப் பற்றிப் பேசுகிறான்?

"மாஸ்டர், பளபளன்னு இருக்கிறது ஒங்களுக்கு. இந்த நாடா வச்சது எனக்கு. மாத்திப் போட்டா சேராதுங்க" என்றான் முத்துராமன்.

நல்லதை அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டு நாடாவை வைத்துக்கொள்கிறவன் எந்த ஊரில் இருக்கிறான்? லூர்துநாதன் சிரித்தான். தனக்கு நாடா வைத்ததே போதும் என்றான். முத்துராமன் பதறிப்போய் விளக்கினான். மாஸ்டர் கிட்டாருக்குக் கழுத்து அகலம், மேல்பக்கம் பலகை மாதிரி தட்டை, அதனால் தட்டைப் பட்டைதான் ஆறு தந்தியிலும் ஒரே மாதிரி உட்காரும். தன்னுடையது ஒல்லிக் கழுத்து, மேல்பக்கம் உருண்டு இருக்கிறது, தந்தியும் மெல்லிசு. அதற்கு வளைந்து கொடுக்கிற ரப்பர்தான் சரி. லேசாகப் பிடித்தால் தந்தி கரகரக்கும், அளவுக்கு மீறி அமுக்கினால் சுருதி மேலே ஏறிவிடும் என்றான். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஆனால் காதில் பூச்சுற்றுகிறான் என்றே லூர்துநாதன் கேட்டுக்கொண்டிருந்தான். பேசிக்கொண்டே முத்துராமன் அக்கா பக்கம் ஒருதரம் பார்த்தான். அக்கா தலையை லேசாக ஆட்டி, வேண்டாம் என்பதுபோல் கண்ணைத் தாழ்த்தினாள். அதை லூர்துநாதன் பார்த்துவிட்டான். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று என்று நினைத்தான். நாடாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கேப்போதான் வந்துவிட்டதே, கல்யாணத்துக்கு ஐந்தரையே வைப்போம் என்றார் அருள்சாமி.

அதற்கப்புறம் அவன் பட்ட பாடு இருக்கிறதே. வீட்டில் தனியாக மாட்டிப் பார்த்தால், கரை ஓரத் தந்திகள் சரியாக ஒலித்தன, நடுத் தந்திகள் இரண்டும் டொக் டொக்கென்று செத்துக் கிடந்தன. அகலக் கழுத்தில் அந்தச் சின்ன ரப்பர் ஓரங்களை மட்டும் இழுத்துப் பிடித்தது, நடுவில் அமுக்கவில்லை. நாடாவை இன்னும் ஒரு ஓட்டை இழுத்தான். அப்படியும் சரிப்படவில்லை. வேறு ஆளாக இருந்தால் போய் மாற்றிக்கொண்டிருப்பான். இவன், வேண்டுமென்றே கெட்டுப்போனதைக் கொடுத்துவிட்டான் என்றான். கேட்டு வாங்கியது தான்தான் என்பது வசதியாக மறந்துபோயிற்று. அக்கா ஒருநாள் மெதுவாக, ஒருதரம் மாத்திப் போட்டுத்தான் பாரேன் தம்பி என்றாள். ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தது என்று வள்ளென்று விழுந்தான். அவள் மெஷினை மிதிக்கப் போய்விட்டாள்.

மிஞ்சிய பட்டையை வேறு வழியில்லாமல் முத்துராமன் தன் கிட்டாரில் மாட்டிக்கொண்டான், அது சேராதது யார் காதிலும் விழவில்லை. அக்கா வீட்டில் கரண்ட் கிடையாது. பெட்டி இல்லாமல் வாசித்தால் எலெக்ட்ரிக் கிட்டார் கொசு பாடுகிற மாதிரிதான் கேட்கும். அதன் சுருதியை ஆர்மோனியமும் தபலாவும் மூடிவிட்டன.

கல்யாணத்தன்று புதுக்கோட்டை வந்து, பஸ் மாறி, திருமயத்தில் இறங்கி மாட்டுவண்டியில் போனார்கள். வழியெல்லாம் கிட்டாரை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி, முத்துராமனின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தான் லூர்துநாதன். தேனப்பன் வீட்டு முற்றத்தில் ஜமக்காளம் விரித்து மைக் வைத்திருந்தார்கள். சுற்றிவர ஆச்சிகளும் செட்டிமார்களும், வெளியூரிலிருந்து வந்த சம்பந்திகளும். இவ்வளவு பெரிய சபையில் ஐந்தரையில் பாடப்போகிறாள் அக்கா. அவள் நீலப் பட்டு உடுத்தி, கழுத்தில் சிலுவையை ஒழுங்குபடுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். முகத்தில் அப்படி ஒரு களை. அதைப் பார்த்தபோது மட்டும் லூர்துநாதன் சந்தேகத்தை மறந்து, மாதாவே, இன்னிக்கு மட்டும் நல்லா வரட்டும் என்று மனதுக்குள் வேண்டினான்.

வரவில்லை. முத்துராமன் கிட்டாரில் தட்டைப் பட்டை உருண்ட கழுத்தின் நடு முதுகில் ஏறி உட்கார்ந்து நடுத் தந்திகளை நசுக்கியது. அவை சுருதிக்கு மேலே கத்தின. ஓரத் தந்திகள் பிடி இல்லாமல் கரகரத்தன. பெட்டி அத்தனையையும் பெரிதாக்கி முற்றம் முழுக்கக் கொட்டியது. லூர்துநாதனின் கிட்டாரோ டொக் டொக். ஒரு பக்கம் ஆர்மோனியம், ஒரு பக்கம் மேலே இழுக்கிற கிட்டார். நடுவில் அக்கா எதைப் பிடிப்பாள்? மேலே போகிற இடத்தில் குரல் தடுமாறி உடைந்தது. முத்துராமன் வியர்த்து வழியத் திருகைத் தளர்த்தினான், முறுக்கினான், இரண்டாம் பாட்டில் கையையே எடுத்துவிட்டான். நீ என்னடா சும்மா உக்காந்திருக்கே, சத்தமா வாசி என்று மாமன் அங்கிருந்து அதட்டினார். முன்வரிசையில் ஒரு ஆச்சி பக்கத்தில் இருந்தவளிடம், பாவம், குரல் போயிருச்சு என்றாள். மைக்குக்கே கேட்டிருக்கும்.

பாட்டு முடிந்ததும் தேனப்பன் எழுந்து வந்தார். நல்ல மனிதர், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். அந்தம்மாவுக்கு அசதி போலிருக்கிறது, காப்பி சாப்பிட்டுவிட்டு அவர்கள் ஓய்வாக இருக்கட்டும், மிச்சத்துக்கு வெறும் வாத்தியம் போதும் என்றார். அக்கா, சரிங்க என்று சொல்லி எழுந்து பக்கத்து அறைக்குள் போனாள். முந்தானையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போனாள்.

லூர்துநாதனுக்குத் தலை கொதித்தது. நடந்ததா, நான் நினைத்தது நடந்ததா? அக்காவை எழுப்பியாயிற்று, அடுத்தது நான். தன் கிட்டாரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, முத்துராமனையும் கிட்டாரும் கையுமாக இழுத்துக்கொண்டு அந்த அறைக்கே போனான், அக்கா எதிரிலேயே கேட்டுவிடுவதென்று. இப்ப ஒனக்குத் திருப்தியா, இதுக்குத்தானே அன்னிக்குத் திருட்டுத்தனமா என் கிட்டாரை அளந்தே என்று கேட்டான்.

முத்துராமன் முதல்முறையாக மரியாதையை மறந்தான். "நான் அளக்கலை. சத்தியமா நான் அளக்கலை" என்றான். அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

அக்கா அழவில்லை. எழுந்து வந்தாள். எலெக்ட்ரிக் கிட்டாரிலிருந்து பட்டையைத் திருகிக் கழற்றினாள். தம்பியின் கிட்டாரில் இருந்த நாடாவை அவிழ்த்து முத்துராமனிடம் கொடுத்தாள். தட்டைப் பட்டையைத் தட்டைக் கழுத்தில், முன்பு அந்த நீலக் கோடு இருந்த இடத்துக்கு நேராக வைத்துத் திருகினாள். அளவு சொல்லித் தைத்த ரவிக்கை மாதிரி இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்தாள். ஆறு தந்தியும் கணீரென்று ஒலித்தன, ஐந்தரையில். லூர்துநாதன் பட்டையைப் பார்க்கவில்லை, அவள் நகத்தைப் பார்த்தான். நக இடுக்கில் எவ்வளவு கழுவினாலும் போகாத நீலச் சாக்கு.

"இப்படி ஒரு சாமான் இருக்குன்னு முத்துராமன் சொன்னான், நூலைச் சுத்தி அளந்தது நான்தான். பினாங்குக் கடையில இந்த அளவைக் காட்டி, தட்டையா வேணும்னு கேட்டு வாங்கச் சொன்னதும் நான்தான். நான் குடுத்தா நீ எதுக்குன்னு கேப்பே. அதான் முத்துராமன் குடுக்கிற மாதிரி இருக்கட்டும்னேன்."

எதுக்கு என்று அவன் அப்போதும் கேட்டான்.

"ஞாயித்துக்கிழமை பூசையில கை குவிச்சு நிக்கிறியே தம்பி. மத்த வெரலெல்லாம் ஒட்டி நிக்கும், ஒன் இடது ஆள்காட்டி வெரல் மட்டும் வளைஞ்சு தனியா நிக்கும். பொம்பளைங்க பக்கத்திலேருந்து நான் பாத்துக்கிட்டே இருந்தேன். என் தொண்டைக்கு வயசாயிருச்சுன்னு நீ சொன்ன அன்னிக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு. வலிச்சுச்சு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஒன் மானம் நிக்கட்டும்னு அஞ்சுலயே பாடுனேன்."

லூர்துநாதன் வளைந்த விரலை மற்றக் கையால் மூடிக்கொண்டான். உலகத்தையே சந்தேகப்பட்டவனுக்கு, தன்னைப் பற்றி ஒரு சந்தேகம் வந்ததே இல்லை. இத்தனை நாள் அவன் பறித்துத் தின்றது இந்தக் குரலைத்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் காலில் விழலாமா என்றுகூட இருந்தது. அதற்குப் பதிலாக அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு நடந்தான்.

வெறும் வாத்தியத்துக்காகக் காத்திருந்த கூட்டம் அந்தம்மா திரும்பி வருவதைப் பார்த்து முணுமுணுத்தது. தேனப்பன் எழுந்திருக்கப் போனார். முத்துராமன் மாமனைப் பார்த்து, ஒரு பாட்டு மட்டும் என்று கும்பிட்டான். அருள்சாமி வழக்கம்போல ஆர்மோனியத்தில் கையை வைத்துக்கொண்டு, எத்தனை கட்டை என்று கேட்டார்.

முன்னே மாதிரி என்றால் லூர்துநாதன் ஐந்து என்பான், அக்காவின் தொண்டையைப் பற்றி ஒரு வார்த்தையும் சேர்ப்பான். அன்றைக்கு மைக்கைத் தன் பக்கம் திருப்பினான். முன்வரிசை ஆச்சியைப் பார்த்தே சொன்னான்.

"அஞ்சரை வைங்க. எங்கக்கா தொண்டைக்கு ஒண்ணுமில்லைங்க, எப்பவுமே ஒண்ணுமில்லை. எனக்குத்தான் வெரலு வெளங்காமப் போச்சு. அதை மறைக்கத்தான் அவங்க மேல பழியைப் போட்டேன்."

கூட்டம் அவன் விரலை எட்டி எட்டிப் பார்த்தது. அருள்சாமி மட்டும் தலையைத் தூக்காமல், துருத்தியை அசைத்துக்கொண்டே சொன்னார்.

"அது ஊருக்கே தெரியும்ப்பா. பூசைக்கு நாங்களும்தான வர்றோம். நீ வாசி."

தபலாக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார். எப்போது தெரியும், யார் சொன்னது, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று லூர்துநாதன் ஒன்றுமே கேட்கவில்லை. விரல் நுனிகளைத் தந்தியில் வைத்தான். அக்கா ஐந்தரையில் எடுத்தாள், மேலே போய் நின்றாள், ஆச்சிகள் பேச்சை நிறுத்தினார்கள்.